ஒன்பது கோல் வாங்கிய அன்றும் எழுந்து போகாதவன் பக்கம்

நடுவர் அவர்களே, என்னை எந்த இடத்துல மடக்கலாம்னு பேனாவும் கையுமா உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, "நேரத்தைப் பார்த்துப் பேசு"ன்னு பக்கத்துல இருந்து கிள்ளிக்கிட்டே இருக்கிற என் அணித் தோழர்களே, அரங்கம் நிறைய வந்திருக்கிற கால்பந்து ரசிகர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு தடவை சொல்லிடறேன். எதிரணியில பேசின ரெண்டு பேரும் அதை விட்டு வெகுதூரம் போயிட்டாங்க. கீழ்ப் பிரிவுல நல்லா ஆடி, ப்ரமோஷன் வாங்கி மேல் பிரிவுக்கு வந்த அணி, சீசன் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே பெரிய அடி வாங்குது. அப்போ ரசிகன் கொதிச்சு எழறது சரியா, கூட நிக்கறது சரியா? கூட நிக்கறதே சரின்னு வாதாட வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் எழுந்ததுமே ஒரு கணக்கைத் தூக்கிப் போட்டாரு. "2023-24 சீசன்ல இங்கிலாந்தோட முதல் பிரிவான பிரீமியர் லீக்குக்கு ஏறி வந்த லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் மூணும் அதே வருஷம் கீழ இறங்கிடுச்சு. அடுத்த வருஷம் வந்த லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூணும் இறங்கிடுச்சு. ஆறுக்கு ஆறு காலி! இதுல பொறுமை ஒரு கேடா?"ன்னு கேட்டாரு. நல்லா கைதட்டல் வாங்கினாரு. நானும்தான் தட்டினேன். கணக்கு சரி, அதுல ஒரு தப்பும் இல்ல.

ஆனா ஐயா, அந்தக் கணக்கு உங்க பக்கமா நிக்குது? ஆறு அணி வருது, ஆறும் விழுதுன்னா, கோளாறு அந்த ஆறு அணியோட வலது பக்கத் தடுப்பாட்டக்காரன்கிட்டயா இருக்கும்? மேல இருக்கிற அணிக்கு வர்ற தொலைக்காட்சிப் பணத்துக்கும் கீழ இருக்கிறவனுக்கு வர்ற பணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பத்து வருஷமா அந்தப் பணத்துல ஆள் சேர்த்தவன் ஒரு பக்கம். போன மே மாசம்தான் கதவைத் திறந்து உள்ள வந்தவன் இன்னொரு பக்கம். பள்ளம் அவ்வளவு பெருசுன்னு நீங்களே நிரூபிச்சிட்டு, அதுல விழுந்தவனை ஏன்டா விழுந்தேன்னு அடிக்கறதுக்கும் நீங்களே கிளம்பினா எப்படி? பள்ளத்தை வெட்டினவன் மேல கோபப்படுங்க, நானும் கூட வர்றேன்.

இன்னொண்ணு. அதுக்கு முந்தின வருஷம் என்ன நடந்துச்சுன்னு தலைவர் சொல்லல. 2022-23-ல மேல வந்த ஃபுல்ஹாம், போர்ன்மத், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மூணும் தப்பிச்சுது. அதுல ரெண்டு அணி ஆகஸ்ட் மாசமே ஊர் சிரிக்க அடி வாங்கினது. அந்தக் கதைக்கு வர்றேன், அதுதான் இன்னிக்கு என்னோட கதையே. அதுக்கு முன்னாடி இந்தக் கோபம் எங்கேருந்து வருதுன்னு பார்த்துடுவோம்.

ப்ரமோஷன் எப்படிக் கிடைக்குது? பிரீமியர் லீக்குக்கு அடுத்த பிரிவான சாம்பியன்ஷிப்ல 24 அணி, ஆளுக்கு 46 ஆட்டம். முதல் ரெண்டு இடத்துல வந்தா நேரா மேல. அதுக்கு அடுத்த சில இடங்கள்ல வந்தா பிளே ஆஃப்னு ஒரு தகுதிச் சுற்று, அதுல ஜெயிச்சா வெம்பிளியில ஒரு இறுதி ஆட்டம், அதையும் ஜெயிக்கணும். சும்மா வர்றதில்ல. அப்போ மேல வர்ற அணியோட ரசிகன் முந்தின வருஷம் எப்படி இருந்திருப்பான்? ஜெயிச்சே பழகியிருப்பான்! 2024-25-ல பர்ன்லி 46 ஆட்டத்துல வாங்கின மொத்த கோல் எவ்வளவு தெரியுமா? 16. தோத்தது ரெண்டே ரெண்டு ஆட்டம். 100 புள்ளி. அந்த ரசிகனுக்குத் தோல்வின்னா என்னன்னே மறந்து போயிருக்கும். அடுத்த ஆகஸ்ட்ல பிரீமியர் லீக்ல முதல் ஆட்டம், டாட்டன்ஹாம் மைதானத்துல. மூணுக்குப் பூஜ்யம். ஒன்பது மாசத்துல வாங்கினதுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கை ஒரே மதியத்துல வாங்கியாச்சு.

அவன் என்ன பண்ணுவான்? கத்துவான். ஆனா யாரைப் பார்த்துக் கத்தறான்னு கொஞ்சம் உன்னிப்பாப் பாருங்க நடுவர் அவர்களே. இந்த வருஷத்து அணியைப் பார்த்தா? இல்ல. போன வருஷம் எங்க போச்சுன்னு கத்தறான். சனிக்கிழமை வந்தா மூணு புள்ளி, சாயந்திரம் வந்தா சிரிச்ச முகம்னு இருந்த வாழ்க்கை திடீர்னு காணாமப் போச்சே, அந்த ஏக்கம். எட்டாம் வகுப்புல முதல் மார்க் எடுத்த பையன் ஒன்பதாம் வகுப்பு முதல் தேர்வுல முட்டை வாங்கிட்டு வந்து நிக்கறான். பாடம் மாறியிருக்குன்னு பையனுக்குத் தெரியுது. அப்பாவுக்குத் தெரியல. அப்பா பழைய மதிப்பெண் அட்டையைக் கையில வச்சுக்கிட்டு அடிக்கறாரு.

அதோட இன்னொரு விஷயமும் இருக்கு. அதை எதிரணி சொல்ல மாட்டாங்க, ஏன்னா சொன்னா வழக்கே முடிஞ்சிடும். அஞ்சு கோல் வாங்கினதும் நம்மாளுக்கு முதல் பயம் எது? அணி இறங்கிடுமோங்கிறதா? கிடையாது. கைபேசி! வேற அணி ரசிகனா இருக்கிற நண்பன் இந்நேரம் என்ன படம் அனுப்பியிருப்பானோங்கிற பயம். மூணாவது கோலுக்கே கைபேசி நடுங்க ஆரம்பிச்சிடும். மே மாசம் "மேல வர்றோம்டா, ஒதுங்கி நில்லு"ன்னு நாமதான் அவனுக்கு அனுப்பியிருந்தோம். அதை அவன் பத்திரமா எடுத்து வச்சிருந்து, சரியா அஞ்சாவது கோல் விழுந்த நிமிஷத்துல நமக்கே திருப்பி அனுப்பறான். அந்த அவமானத்துல நாம மைதானத்துல ஓடிக்கிட்டிருக்கிறவனைத் திட்டறோம். நண்பன்கிட்ட கேலி வாங்கினதுக்குக் கோல்கீப்பர் என்ன ஐயா பண்ணுவான்?

(நடுவர் சிரிக்கறாரு. உங்களுக்கும் அப்படி ஒரு நண்பர் இருக்காரு போல. பேர் கேட்க மாட்டேன்.)

சரி, போர்ன்மத்துக்கு வர்றேன். எதிரணியில ரெண்டாவதாப் பேசின சகோதரி அதைத்தான் பெரிய ஆயுதமா எடுத்தாங்க. "2022 ஆகஸ்ட் 27, லிவர்பூல் மைதானத்துல போர்ன்மத் ஒன்பதுக்குப் பூஜ்யம்னு தோத்துச்சு. மூணாவது நாள் மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளர் ஸ்காட் பார்க்கரை, வேலையை விட்டு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் அணி தப்பிச்சுது. கொதிச்சதாலதானே மாற்றம் வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. நல்ல வாதம், லேசுல தள்ளிட முடியாது.

ஆனா சகோதரி, அந்தக் கதையை நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. முன்கதையும் சொல்லல, பின்கதையும் சொல்லல.

முன்கதை இது. போர்ன்மத் அந்த சீசனோட முதல் ஆட்டத்துல ஆஸ்டன் வில்லாவை ரெண்டுக்குப் பூஜ்யம்னு ஜெயிச்சுது. அடுத்த மூணு ஆட்டம் யார் யார்கூட? மான்செஸ்டர் சிட்டி, ஆர்சனல், லிவர்பூல். முதல் ரெண்டு பேரும் அந்த வருஷம் முதல் ரெண்டு இடத்துல முடிச்சவங்க. சிட்டிகிட்ட நாலு, ஆர்சனல்கிட்ட மூணு, லிவர்பூல்கிட்ட ஒன்பது. கூட்டிப் பாருங்க, 16. பர்ன்லி ஒரு முழு சீசன்ல வாங்கின அதே 16. இவங்க அதை மூணே ஆட்டத்துல வாங்கியிருக்காங்க. இதுல பாதி அட்டவணை பண்ணின வேலை. யாரோட எப்போ மோதணும்னு அந்த அணியையோ ரசிகனையோ கேட்டு யாரும் அட்டவணை போடறதில்ல. செப்டம்பர்ல வர வேண்டிய காய்ச்சல் ஆகஸ்ட்ல வந்துச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் மேனேஜரை அனுப்பினது யாரு? ரசிகனா? இந்த அணி இந்த லீக்குக்குப் பத்தாது, ஆள் வேணும்னு பார்க்கர் வெளிப்படையாவே சொல்லிக்கிட்டிருந்தாரு. நிர்வாகத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போகல. அது அவங்க ரெண்டு பேருக்குள்ள நடந்த வழக்கு. கூரை மேல உட்கார்ந்திருந்த சேவல் தான் கூவினதாலதான் விடிஞ்சுதுன்னு சொல்லிக்கலாம், தடுக்க யாரும் இல்ல. ஆனா அது சாட்சி ஆகாது.

இப்போ பின்கதை. இதை நிதானமாச் சொல்லணும். ஒன்பது கோல் வாங்கின ராத்திரி எத்தனை பேர் என்னென்ன தீர்ப்பு எழுதியிருப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். "இவனுங்க பத்து புள்ளி எடுத்தாலே அதிசயம்", "இவனுங்க காலை உடைச்சுப் போடணும்", "ஜனவரிக்குள்ள கீழ". பார்க்கர் போனாரு, அங்கேயே உதவிப் பயிற்சியாளரா இருந்த கேரி ஓ'நீல் தற்காலிகமா வந்தாரு. ஆட்டக்காரர்கள்? அதே ஆட்டக்காரர்கள்தான். அடுத்த ஆட்டம் வுல்வ்ஸ்கூட, ரெண்டு பக்கமும் கோல் இல்லாம டிரா. ஒன்பது வாங்கின அணி ஒண்ணுகூட வாங்கல. செப்டம்பர் 3, லிவர்பூல் ஆட்டம் முடிஞ்சு சரியா ஒரு வாரம். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்துல இடைவேளைக்கு ரெண்டுக்குப் பூஜ்யம்னு பின்தங்கி இருக்காங்க. முடியறப்போ மூணுக்கு ரெண்டு, ஜெயிச்சது போர்ன்மத்! ஏழு நாளைக்கு முன்னாடி "லாயக்கில்ல"ன்னு எழுதப்பட்ட அதே கால்கள்.

மார்ச் மாசம் லிவர்பூல் போர்ன்மத் ஊருக்கு வந்தாங்க. ஒண்ணுக்குப் பூஜ்யம். யார் ஒண்ணு, யார் பூஜ்யம்னு நான் சொல்லணுமா? போர்ன்மத்தோட பில்லிங் ஒரு கோல் போட்டாரு, லிவர்பூலோட சாலா பெனால்டியை வெளிய அடிச்சாரு. ஒன்பது கோல் போட்டவனுக்கு அன்னிக்கு ஒரு கோல் கிடைக்கல. சீசன் முடிவுல போர்ன்மத் 39 புள்ளி, 15-ஆவது இடம். சகோதரி, மேனேஜரை மாத்தினது பலிச்சதுன்னு நீங்க சொல்றதை நான் மறுக்கல. ஆனா ரசிகனோட தீர்ப்பு மேனேஜர் மேல மட்டுமா இருந்துச்சு? அந்தப் பதினோரு பேர் மேல இருந்துச்சு. அந்தத் தீர்ப்பு ஒரு வாரம்கூட நிலைக்கலையே, அதைத்தான் கேட்கறேன்.

சரி, மேனேஜரை மாத்தாம என்ன ஆச்சுன்னு பார்க்கணும் இல்லையா? அதே வருஷம், அதே லீக், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். 1999-ல கீழ போன அணி, 23 வருஷம் கழிச்சு மேல வந்திருக்கு. ஒரு ரசிகன் பிறந்து, படிச்சு, வேலைக்கே போயிருப்பான், அணியை மேல்தட்டுல பார்த்தே இருக்க மாட்டான். ஆகஸ்ட் 31, மான்செஸ்டர் சிட்டிகிட்ட ஆறுக்குப் பூஜ்யம். ஹாலண்ட் ஹாட்ரிக். அடுத்தது நம்ம போர்ன்மத் வந்து ரெண்டு கோல் முன்னிலையைப் பிடுங்கிட்டுப் போனாங்க. அப்புறம் ஃபுல்ஹாம்கிட்ட தோல்வி. அப்புறம் அக்டோபர் 3-ல லெஸ்டர்கிட்ட நாலுக்குப் பூஜ்யம். வரிசையா அஞ்சு தோல்வி. பட்டியல்ல கடைசி இடம்.

எதிரணி நண்பர்கள் அன்னிக்கு அந்த மைதானத்துல இருந்திருந்தா ஃபாரஸ்ட் மேனேஜர் ஸ்டீவ் கூப்பரை என்ன பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சாலே பயமா இருக்கு! ஆனா ஃபாரஸ்ட் ரசிகனுக்கு ஒரு ஞாபகம் இருந்துச்சு. கூப்பர் அந்த அணிக்கு வந்தப்போ அது சாம்பியன்ஷிப்போட அடிமட்டத்துல கிடந்துச்சு. அங்கேருந்து ஒரே சீசன்ல வெம்பிளி வரைக்கும் கூட்டிட்டுப் போய் மேல ஏத்தினவரு அவரு. அவர் பேரைச் சொல்லிப் பாடறதை அவங்க நிறுத்தல. லெஸ்டர் தோல்விக்கு அப்புறம் அதே வாரத்துல நிர்வாகம் அவருக்கு என்ன கொடுத்துச்சு தெரியுமா? வேலை நீக்கம் இல்ல. 2025 வரைக்கும் புது ஒப்பந்தம்!

பிப்ரவரியில மான்செஸ்டர் சிட்டி ஃபாரஸ்ட் மைதானத்துக்கு வந்தாங்க. ஆறு போட்டவங்க. 84-ஆவது நிமிஷத்துல கிறிஸ் வுட் ஒண்ணு போட்டு ஒண்ணுக்கு ஒண்ணு. மே 20, ஆர்சனலை ஒண்ணுக்குப் பூஜ்யம்னு ஜெயிச்சு லீக்ல தங்கினாங்க. 38 புள்ளி, 16-ஆவது இடம். ஃபாரஸ்ட் அன்னிக்கு ஆர்சனலை ஜெயிச்சதாலதான் மான்செஸ்டர் சிட்டிக்குக் கோப்பை உறுதியாச்சு. ஆறு கோல் போட்டு அனுப்பினவனுக்குக் கோப்பையை எடுத்துக் கொடுத்துட்டு வந்திருக்காங்க. பெரிய மனசு!

பொறுமையா இருந்ததாலதான் தப்பிச்சாங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. சொன்னா அடுத்துப் பேச வர்றவர் என்னைத் தூக்கிடுவாரு. நான் சொல்றது வேற. ஆகஸ்ட்ல ஒரு பெரிய தோல்வி நமக்கு எதையும் சொல்றதில்ல. பிளாக்பூலைப் பாருங்க. 2010-ல முதல் ஆட்டம், விகன் மைதானத்துல நாலுக்குப் பூஜ்யம் வெற்றி. மேனேஜர் மேதை. சரியா ஒரு வாரம் கழிச்சு ஆர்சனல்கிட்ட ஆறுக்குப் பூஜ்யம் தோல்வி. மேனேஜர் மடையன். அதே மேனேஜர் ஐயா, ஏழு நாள்தான் வயசு கூடியிருக்கு! கடைசியில 39 புள்ளி எடுத்து, கடைசி நாள்ல இறங்கினாங்க. அந்த நாலும் பொய் சொல்லுச்சு, ஆறும் பொய் சொல்லுச்சு.

ஹல் சிட்டியையும் சொல்லிட்டுப் போயிடறேன். 1904-ல ஆரம்பிச்ச கிளப், 104 வருஷம் கழிச்சு 2008-ல முதல்முறையா மேல்தட்டு. மூணாவது ஆட்டம், சொந்த மைதானம், விகன் வந்து அஞ்சு கோல் போட்டுட்டுப் போனாங்க, ஹல்லுக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் அதே ஹல், ஆர்சனல் மைதானத்துக்குப் போய் ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சுது. சீசன் கடைசியில ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்துல தப்பிச்சாங்க.

இப்போ எதிரணியோட காசுக் கணக்கு. "காசு கொடுத்து டிக்கெட் வாங்கறவன் கேட்கத்தான் செய்வான்"னாங்க. கேளுங்க, யார் வேண்டாம்னா? ஆனா கேட்கறதுக்கும் கிழிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. 2009-ல நாரிச் சிட்டி, சொந்த மைதானத்துல கோல்செஸ்டர்கிட்ட ஏழுக்கு ஒண்ணுன்னு தோத்தப்போ ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள்ளயே ஓடி வந்து சீசன் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டாங்க. (நாரிச் மேலேருந்து மூணாவது பிரிவுக்கு இறங்கி வந்த அணி, ஏறி வந்த அணி இல்ல. ஆனாலும் எதிரணி இதைக் கொண்டு வருவாங்கன்னு தெரியும், அதான் நானே கொண்டு வந்துட்டேன்.) அந்த வாரமே மேனேஜரும் மாறினாரு. ஏழு போட்ட கோல்செஸ்டர் மேனேஜரையே கூட்டிட்டு வந்தாங்க, புத்திசாலித்தனம்தான், ஒத்துக்கறேன். அந்த சீசன்ல நாரிச் சாம்பியன். அந்தக் கோல்செஸ்டரை அவங்க ஊர்லயே அஞ்சுக்குப் பூஜ்யம்னு அடிச்சாங்க. எனக்கு ஒரே சந்தேகம், டிக்கெட்டைக் கிழிச்ச மகராசன் அந்த வருஷம் முழுக்க எப்படி ஆட்டம் பார்த்தாரு? ஒட்டுப் போட்டா?

"ஆகஸ்ட்ல ஆட்டக்காரர்களை வாங்க விக்க அனுமதி இருக்கிற காலம், அந்த ஜன்னல் திறந்திருக்கு, இப்போ கத்தினாதான் முதலாளி பெட்டியைத் திறப்பாரு"ன்னும் ஒரு வாதம் வந்துச்சு. திறப்பாரு, உண்மைதான். ஆனா நீங்க அஞ்சு கோல் வாங்கினது விக்கறவனுக்கும் தெரியுமே! உங்க ரசிகர் கூட்டம் கொதிக்குதுன்னும் அவனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒரு விலை சொன்னவன் ஞாயிற்றுக்கிழமை அதையே சொல்வானா? அப்படிக் கடைசி நாள்ல அவசரத்துல வாங்கின ஆட்டக்காரன் கூட விளையாடற மத்த பத்து பேர் பேரையும் கத்துக்கறதுக்குள்ள அக்டோபர் வந்திடும்.

கோல் டிஃபரன்ஸ். புள்ளி சமமா வந்தா, போட்ட கோல்ல வாங்கின கோலைக் கழிச்சுப் பார்க்கிற கணக்கு. இதைச் சொன்னப்போ எதிரணித் தம்பி குரல் ரொம்ப உயர்ந்துச்சு. "அஞ்சு கோல்ல தோத்தாலும் ஒரு கோல்ல தோத்தாலும் போறது அதே மூணு புள்ளிதான்னு சமாதானம் சொல்லாதீங்க, 2007-ல ஷெஃபீல்டு யுனைடெட் ஒரே ஒரு கோல் வித்தியாசத்துல இறங்கிச்சு"ன்னாரு. உண்மை. விகனும் அவங்களும் தலா 38 புள்ளி. விகனுக்கு மைனஸ் 22, அவங்களுக்கு மைனஸ் 23. ஒரு கோல்! ஷெஃபீல்டு அதுக்கு முந்தின வருஷம்தான் மேல வந்த அணி. நெஞ்சு பதறுது.

தம்பி, நன்றி. என் வேலையைச் சுலபமாக்கிட்டீங்க. ஒரு கோல்ல தலையெழுத்து மாறும்னா, அஞ்சு வாங்கிட்டு ஆறாவதை வாங்காம இருக்கறது எவ்வளவு முக்கியம்! அந்த ஆறாவது கோலைத் தடுக்கணும்னா களத்துல இருக்கிறவன் ஓடணும். அவன் எப்போ ஓடுவான்? கீழ ஆடினப்போ பந்து பெரும்பாலும் நம்ம காலடியில. மேல வந்தா பந்து எதிராளி காலடியில. ஒரு மணி நேரமா துரத்தித் துரத்திக் கால் வெலவெலத்துப் போயிருக்கு. கடைசியா பந்து நம்ம தடுப்பாட்டக்காரன்கிட்ட வருது. பக்கத்துல நிக்கறவனுக்குச் சின்னதா ஒரு பாஸ் கொடுக்கணும், அதுதான் பயிற்சியில சொன்னது. கொடுக்கப் போறான். 30,000 பேர் "ஐயோ..."ன்னு ஒரு முனகல். திட்டுகூட இல்ல, முனகல்தான். அவ்வளவுதான், அவன் பாஸ் கொடுக்க மாட்டான். கண்ணை மூடிக்கிட்டு ஒரே உதை, பந்து நேரா எதிராளிகிட்ட போகும், திரும்பி வரும், ஆறாவது கோல். பக்கத்துல நிக்கிற நடுக்கள ஆட்டக்காரன் அதைவிட சாமர்த்தியசாலி. பந்து தன்கிட்ட வரவே கூடாதுன்னு எதிராளி முதுகுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவான். தப்பு பண்ண ஆள் வேணும்னா பந்து வாங்க ஆள் வேணுமே!

அறுபதாவது நிமிஷத்துல எழுந்து போறவன் கோல் டிஃபரன்ஸைப் பத்திக் கவலைப்படறதுதான் எனக்குப் புரியல.

உட்கார்ந்திருக்கிறவன் என்ன பண்றான்னு பாருங்க. எதிரி மைதானத்துல ஒரு மூலையில மூவாயிரம் பேருக்கு இடம். மூணுக்குப் பூஜ்யம்னு தோத்துக்கிட்டிருக்கு. இங்கிலாந்துல அந்த மூலையிலேருந்து ஒரு பாட்டு வரும்: நாங்க நாலுக்கு மூணுன்னு ஜெயிக்கப் போறோம்னு! சொந்த மைதானத்துக்காரன் முகத்தைப் பாருங்க அப்போ, கோல் போட்டது தானா அவனான்னு ஒரு நிமிஷம் குழம்பிடுவான். இன்னொண்ணு இருக்கு, அது எனக்கு அதைவிடப் பிடிக்கும். அஞ்சு வாங்கின பிறகு, "வாங்க, ஒரு கோல் போட்டதா நினைச்சுக்குவோம்"னு பாடி, ஒண்ணு ரெண்டு எண்ணி, திடீர்னு எல்லாரும் எகிறிக் குதிச்சுக் கட்டிப் பிடிச்சு, உண்மையா கோல் விழுந்த மாதிரி ஆர்ப்பாட்டம்! களத்துல பந்து எங்கயோ கிடக்கு. இவன் தோத்தவனா? அன்னிக்கு அந்த மைதானத்துல சந்தோஷமா இருந்தவன் இவன் ஒருத்தன்தான்.

எதிரணி இதைப் பார்த்து "வெட்கம் கெட்டவங்க"ன்னு சொல்வாங்க. சொல்லட்டும். கோபத்தை அடக்கச் சொல்றதா எங்க அணியை அவங்க வர்ணிக்கறதுதான் தப்பு. கோபம் வரட்டும். அன்னிக்கு ராத்திரி தலையணையைக் குத்துங்க, திட்டுங்க, அழுங்க. 23 வருஷம் காத்திருந்தவனுக்கு அழ உரிமை இருக்கு. தீர்ப்பு மட்டும் எழுதாதீங்க. நாலு ஆட்டம் முடிஞ்சிருக்கு, இன்னும் 34 பாக்கி இருக்கு. வழக்கு விசாரணைக்கே வரல, நீங்க தூக்குக் கயிறு திரிக்கறீங்க.

எதிரணி கடைசியா டெர்பியைக் கொண்டு வருவாங்கன்னு தெரியும். எனக்கு அடுத்துப் பேசறவர் குறிப்புத் தாள்ல அந்தப் பேரை நான் பார்த்துட்டேன், மன்னிக்கணும் நடுவரே, கண் போயிடுச்சு. டெர்பி கவுண்டி, 2007-08. வெம்பிளியில ஜெயிச்சு மேல வந்த அணி. 38 ஆட்டத்துல 11 புள்ளி. ஒரே ஒரு வெற்றி. 89 கோல் வாங்கினாங்க. மார்ச் மாசமே இறங்கறது உறுதியாயிடுச்சு. ஆனாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் சராசரியா 32,000 பேருக்கு மேல போய் உட்கார்ந்தாங்க. "அந்த 32,000 பேரோட விசுவாசம் என்ன கிழிச்சுது? 11 புள்ளி!"ன்னு கேட்கப் போறாங்க.

கேட்கட்டும். முதல்ல, மாற்றம் என்ன கிழிச்சுதுன்னு நான் கேட்டுடறேன். நவம்பர்ல அங்கேயும் மேனேஜர் மாறினாரு. பில்லி டேவிஸ் போய் பால் ஜூவல் வந்தாரு. வந்தவர் அந்த சீசன்ல நடத்தின 24 லீக் ஆட்டத்துல ஜெயிச்சது எத்தனை? ஒண்ணுகூட இல்ல. இருந்த ஒரு வெற்றியும் போனவர் காலத்துல வந்தது.

அந்த ஒரு வெற்றி எப்போ வந்துச்சு? இதைத் தேடிப் பார்த்தப்போதான் எனக்கே சிலிர்த்துப் போச்சு. செப்டம்பர் 1, லிவர்பூல்கிட்ட ஆறுக்குப் பூஜ்யம். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் டாட்டன்ஹாம்கிட்ட நாலுக்குப் பூஜ்யம். அஞ்சு ஆட்டம் முடிஞ்சிருக்கு, ஒரு வெற்றி இல்ல. கொதிக்கணும்னா அதைவிட நல்ல நாள் கிடைக்காது. "இனிமே அந்த மைதானத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்"னு சத்தியம் பண்றதுக்கு எல்லா நியாயமும் இருந்துச்சு. அடுத்த ஆட்டம் செப்டம்பர் 17, சொந்த மைதானத்துல நியூகாசில். கென்னி மில்லர் ஒரு கோல் போட்டாரு. ஒண்ணுக்குப் பூஜ்யம்.

அதுதான் ஐயா அந்த ஒரே வெற்றி! முழு சீசனுக்கும், ஒன்பது மாசத்துக்கும் சேர்த்து அந்த ஒண்ணுதான். ஆறு வாங்கின கோபத்துல அன்னிக்கு வீட்டுல உட்கார்ந்தவன் அதைத் தவறவிட்டான், அப்புறம் மே மாசம் வரைக்கும் வந்து உட்கார்ந்தாலும் அவனுக்கு இன்னொண்ணு கிடைக்கல. லிவர்பூல்லேருந்து ஆறு கோலைச் சுமந்துக்கிட்டு வந்து, திரும்பவும் போய் அதே இருக்கையில உட்கார்ந்தானே, அவன் பார்த்தான். இப்போ சொல்லுங்க, அந்த 32,000 பேருக்கு என்ன கிடைச்சதுன்னு.

மணி அடிச்சாச்சு. எனக்குப் பின்னாடி இருக்கிற எதிரணி நண்பர் ஏற்கெனவே எழுந்து நிக்கறாரு. அவங்க பழக்கம் அது, விசில் ஊதறதுக்கு முன்னாடியே எழுந்திருக்கறது. எனக்கு இன்னும் அரை நிமிஷம் பாக்கி இருக்குன்னு நடுவர் விரலைக் காட்டறாரு. பரவாயில்ல, அந்த அரை நிமிஷமும் நான் இங்கயேதான் நிக்கறேன்.

வணக்கம்.